அசை பிரித்துப் படித்தல்

‘தேயிலை’ என்ற சொல்லைப் பிரித்துப் பார்க்கும் தேவை மலையகத்தில் எவருக்கும் ஏற்படுவதில்லை. விடிந்தால் கொழுந்துக் கூடை, பொழுது சாய்ந்தால் தேத்தண்ணிக் கோப்பை என்று வாழ்கிறவர்களுக்கு அது தாய்மொழியின் பழஞ்சொல் போலவே இருக்கும். பிரித்தால் ‘தே’ என்றும் ‘இலை’ என்றும் இரண்டாகும். இலை நம்முடையது. ‘தே’ தென்சீனக் கரையோரத்துப் பேச்சிலிருந்து ஒல்லாந்து வணிகரின் கப்பலில் ஏறி ஐரோப்பா போய், ஆங்கிலத்தில் ‘டீ’ ஆன சொல்லின் உறவு. சீனத்தின் வேறு பகுதிகளில் அதே பொருளை ‘சா’ என்றார்கள். அந்தச் சொல் தரைவழியே பாரசீகம் கடந்து, அறபியில் ‘ஷாய்’ ஆயிற்று. அந்நியத் துண்டையும் நம் துண்டையும் சேர்த்துவைக்க நடுவில் ஒரு யகர உடம்படுமெய் வந்து நிற்கிறது. ஒரு நாட்டின் ஏற்றுமதியை ஒரு நூற்றாண்டுக்கு மேல் தாங்கி நின்ற சொல்லின் கதை இவ்வளவுதான்.

ஹட்டன், டிக்கோயா, பொகவந்தலாவைப் பகுதிப் பாடசாலைகளில் முப்பது வருடங்களுக்கு மேல் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் எது பயம் என்று கேட்டால் இலக்கணம் என்று சொல்லமாட்டேன். நீண்ட சொற்கள்தான் பயம். ஆறு எழுத்துவரை தைரியமாக வாசிக்கும் பிள்ளை, பன்னிரண்டு எழுத்துச் சொல்லைக் கண்டதும் முதல் மூன்று எழுத்தைச் சொல்லிவிட்டு மிகுதியை விழுங்கிவிடும். பின்வரிசைப் பிள்ளை அதையும் சொல்லாது. தலையைக் குனிந்துகொள்ளும்.

இதற்கு மருந்து ஒன்றுதான். எழுத்தை எண்ணாதே, உயிரோசையை எண்ணு என்பேன். ஆங்கிலத்தில் ஓர் உயிரோசைக்கு ஓர் அசை. ‘ஸ்ட்ரெங்த்ஸ்’ என்ற சொல்லுக்கு ஒன்பது எழுத்து. ஆனால் உயிரோசை ஒன்றே, ஆகவே அசையும் ஒன்றே. ‘ஐடியா’வுக்கு நான்கே எழுத்து, அசையோ மூன்று. கரும்பலகையில் இந்த இரண்டையும் அருகருகே எழுதியதும் பிள்ளைகளின் முகத்தில் பாதிப் பயம் கழன்றுவிடும். அடுத்து, இரண்டு உயிருக்கு நடுவே இரண்டு மெய் வந்தால் பெரும்பாலும் நடுவில் வெட்டலாம்: டொக்-டர், டென்-டிஸ்ட். ஒரு மெய் மட்டும் வந்தால் அது அடுத்த அசையோடு போகலாம், ‘டை-கர்’ போல; முன்னசையோடு ஒட்டலாம், ‘ரிவ்-அர்’ போல. ‘ஷன்’ என்று முடியும் வாலை ஒருபோதும் வெட்டக்கூடாது. உருட்டிய கொழுந்து நிறம் மாறுவதற்காகத் தொழிற்சாலையில் பரப்பி வைக்கிறார்களே, அந்தக் கட்டத்தின் பெயரை எடுத்துக்கொள்வோம்: ஃபெர்-மென்-டே-ஷன். நான்கு அசை. அப்பா நாள்தோறும் செய்யும் வேலையின் பெயரைப் பிள்ளை முதன்முறை முழுதாகச் சொல்லும்போது கேட்கவேண்டும்.

இது நமக்குப் புதிய வித்தையும் அல்ல. நேர், நிரை என்று சொல்லை அசையாக வெட்டித்தான் நம் புலவர்கள் செய்யுள் கட்டினார்கள். மலையகத் தமிழ் தன் நாவுக்கேற்ப ஆங்கிலச் சொற்களை வெட்டிக்கொண்டதும் இந்தக் காதை வைத்துத்தான். ‘சூ-பர்-இன்-டென்-டன்ட்’ என்ற ஐந்து அசை நம்மவர் வாயில் ‘சூப்பிரண்டு’ ஆயிற்று. நேர் நிரை நேர்: கூவிளங்காய். தோட்டத்தின் வெளிக்கள உத்தியோகத்தரான ‘கண்டக்டர்’, ‘கண்டாக்கு’ ஆனார்: தேமாங்காய். காலையில் ஆள் கணக்கெடுக்கும் ‘பரேட்’, ‘பெரட்டு’ ஆயிற்று: புளிமா. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டன்மார் செய்த வேலை இது. யாப்பிலக்கணம் பிசகவில்லை.

இன்னும் ஒரு வேடிக்கை உண்டு. ‘கண்டக்டர்’ என்பதன் கடைசி ‘அர்’ ஆங்கிலத்தில் செய்கிறவரைக் குறிக்கும் விகுதி. நம்மவர் அதை வெட்டி எறிந்துவிட்டு, மரியாதைக்கு ஓர் ‘ஐயா’வை ஒட்டி ‘கண்டாக்கையா’ என்றார்கள். ‘கிளார்க்’ என்பதிலோ அப்படியொரு விகுதியே இல்லை. அதற்கு நம் பலர்பால் ‘அர்’ விகுதியைப் போட்டு ‘கிளாக்கர்’ ஆக்கினார்கள். வெள்ளைக்காரரும் சும்மா இருக்கவில்லை. பெரியதுரை, சின்னதுரை என்ற நம் சொற்களின் தலையெழுத்தை மட்டும் கிள்ளி ‘பி.டி.’, ‘எஸ்.டி.’ என்று தமக்குள் அழைத்துக்கொண்டார்கள். அந்தப் பழக்கம் அவர்கள் போனபிறகும் தோட்டத்து உத்தியோகத்தர் வாயில் தங்கிவிட்டது.

ஓசையால் பிரிப்பது முதற்படி. பொருளால் பிரிப்பது இரண்டாம் படி. இரண்டும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. ‘ஹெலி-கொப்-டர்’ என்றுதான் வாய் வெட்டுகிறது. பொருளோ ‘ஹெலிகோ’ என்ற சுருளும் ‘ப்டர்’ என்ற சிறகும், இரண்டும் கிரேக்கம். மேலே சொன்ன ‘சூப்பரின்டென்டன்ட்’டில் ‘சூப்பர்’ மேல், ‘டென்ட்’ நீட்டுதல், ‘அன்ட்’ ஆள். மேலிருந்து கவனத்தை நீட்டுகிறவர். நம் ‘கங்காணி’யைப் பிரித்தாலோ கண், காண்: கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பவர். ஒருவர் பங்களாவில், மற்றவர் மலைச்சரிவில் மழைக்குள். சொல்லின் பொருளில் இருவருக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது, சம்பளத்தில்தான் இருந்தது.

ஆங்கில முன்னொட்டுகள் வடிவம் மாறுவதைக் கண்டு பிள்ளைகள் குழம்புவார்கள். இல்லை என்று பொருள்படும் ‘இன்’, ‘பொசிபிள்’ முன் ‘இம்’ ஆகிறது; ‘லீகல்’ முன் ‘இல்’ ஆகிறது; ‘ரெகுலர்’ முன் ‘இர்’ ஆகிறது. இது புணர்ச்சிதான், வேறொன்றுமில்லை. ‘மரம்’ என்பதோடு ‘கள்’ சேர்ந்தால் ‘மரங்கள்’ என்று மகரம் ஙகரமாகவில்லையா? வருகிற எழுத்துக்கு நாவு முன்கூட்டியே இடங்கொடுக்கிறது. லத்தீன் பேசியவனுக்கும் நமக்கும் இருப்பது ஒரே மாதிரியான நாவுதானே.

மாறுபடுவது அழுத்தத்தில். ‘போட்டோகிராப்’ என்னும்போது முதலசையில் அழுத்தம். ‘போட்டோகிராபி’யில் அது இரண்டாம் அசைக்குத் தாவும். ‘போட்டோகிராபிக்’ என்றால் மூன்றாவதற்கு. அழுத்தம் விழாத அசைகளின் உயிர் வெளிறிப்போகும். தமிழில் எல்லா அசைக்கும் ஏறக்குறைய சம நீதி கொடுத்துப் பழகிய பிள்ளை, ஆங்கிலத்தையும் அப்படியே சமமாக வாசிக்கும். அது குறை அல்ல, பழக்கம். எந்த அசை கனக்கிறது என்று மேசையில் தட்டிக் காட்டினால் போதும்.

எங்கள் சமூகத்துப் பிள்ளைகளுக்கு இதில் ஓர் அனுகூலம் உண்டு. பள்ளிவாசல் மத்ரஸாவில் எழுத்தும் குறியும் சேர்த்து உரத்துச் சொல்லி, சொல்லைக் கட்டியெழுப்பிய பிறகே வசனத்துக்குப் போவார்கள். அசை கூட்டுவது அவர்களுக்கு ஐந்து வயதிலேயே பழகிய காரியம். ஆனால் அறபுச் சொல்லின் உள்கட்டு வேறு. மூன்று மெய் வேராக நிற்க, உயிர்கள் உள்ளே மாறி மாறி வரும்: கிதாப் புத்தகம், காதிப் எழுதுகிறவர், மக்தப் எழுதப் படிக்கும் இடம். தமிழ் பின்னால் ஒட்டிக்கொண்டே போகும். ஆங்கிலம் முன்னும் பின்னும் ஒட்டும். அறபு வயிற்றுக்குள்ளேயே மாற்றும். அறபிச் சொற்கள் ஆங்கிலத்துக்குள் போய் மாறுவேடத்தில் இருப்பதையும் பிள்ளைகளுக்குக் காட்டுவேன். ‘அல்ஜீப்ரா’வின் தலையில் இருப்பது ‘அல்’. ‘அட்மிரல்’ என்ற கடற்படைத் தலைவரின் வாலில் இருப்பதும் அதே ‘அல்’தான், ‘அமீர் அல்’ என்று தொடங்கிய தொடர் நடுவில் அறுந்து ஆங்கிலம் போயிற்று. ‘மெகசின்’ என்பது ‘மக்ஸன்’ என்ற களஞ்சியத்தின் பன்மை. ஆகவே ஆங்கிலத்தில் சஞ்சிகைக்கும் அதுவே பெயர், கொழும்பு மெகசின் சிறைச்சாலையின் பெயரிலும் அதுவே இருக்கிறது.

இவ்வளவும் பரீட்சைக்கு உதவும் விஷயங்கள். ஆனால் நீண்ட சொல்லைப் பிரிக்கத் தெரிவது பரீட்சைக்கு மட்டுமானதல்ல என்பதை நான் வாப்பாவின் கடையில் கற்றேன்.

வாப்பா இராமநாதபுரத்துக் கரையோரத்திலிருந்து சிறுவயதில் கடைச் சிப்பந்தியாக ஹட்டன் வந்தவர். பிறகு சொந்தமாகச் சில்லறைக் கடை போட்டார். உம்மா கம்பளையில் பிறந்தவர். வாப்பாவின் ஆங்கிலம் நாலாம் வகுப்பு ஆங்கிலம். ஆனால் மத்ரஸாவில் கூட்டி வாசித்த பழக்கத்தில் எந்தச் சொல்லையும் விரலை வைத்து வெட்டி வெட்டி வாசித்துவிடுவார். சம்பள நாளில் அரிசிக்கும் கருவாட்டுக்கும் வரும் தோட்டத்துச் சனங்கள் மடியிலிருந்து காக்கி உறைகளை எடுத்து, “நானா, இதுல என்னா எழுதியிருக்குன்னு கொஞ்சம் பாருங்க” என்று நீட்டுவார்கள். அந்த உறைகளுக்குள் இருந்தவை அவர்களுடைய தலைவிதி.

பின்னணியைச் சொல்லவேண்டும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க இலங்கைப் பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரில் மிகப் பெரும்பான்மையோரை நாடற்றவராக்கியது. 1949இன் 3ஆம் இலக்கச் சட்டம், இந்திய பாகிஸ்தானிய வதிவாளர்கள் விண்ணப்பித்துக் குடியுரிமை பெறலாம் என்றது. எங்கள் வாப்பா போன்ற கரையோர முஸ்லிம் வியாபாரிகளும் இந்தச் சட்டத்துக்குள்தான் அடங்கினார்கள். நிபந்தனை என்ன? 1946 ஜனவரி 1க்கு முன், மணமானவர் ஏழு வருடமும் மணமாகாதவர் பத்து வருடமும் இலங்கையில் ‘அனின்டரப்டட்’ வதிவு உடையவராயிருக்க வேண்டும். இடையில் ஊர் போனால் ஒருமுறைக்குப் பன்னிரண்டு மாதத்துக்கு மேற்படக்கூடாது.

அந்தச் சொல்லை வெட்டிப் பாருங்கள். அன்-இன்-ட-ரப்-டட். ‘ரப்ட்’ என்றால் முறிவு. வங்கி முறிந்தவரைச் சொல்லும் ‘பேங்க்ரப்ட்’டிலும், எரிமலை வெடிப்பைச் சொல்லும் ‘இரப்ஷ’னிலும் இருப்பது அதுவே. ‘இன்டர்’ இடை. ‘அன்’ இல்லை. இடைமுறிவு இல்லாத வதிவு. வாப்பா தாயாரின் நோய்க்காக ஊர் போய்த் திரும்பியது பத்து மாதத்தில். அவருக்கு முறிவு இல்லை. அவருடைய வாடிக்கைக்காரர் ஒருவர், டிக்கோயாப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர், தகப்பனின் மையத்துக்குப் போய், காணித் தகராற்றில் மாட்டி, பதின்மூன்றாம் மாதம் திரும்பினார். அவருக்கு முறிவு. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்ட கடிதத்தை வாப்பாவே கடை மேசையில் வைத்து வாசித்துச் சொன்னாராம். பல வருடம் கழித்து எனக்கு அதைச் சொல்லும்போது, “அந்தச் சொல்லுக்கு முன்னால ரெண்டெழுத்து இருந்துச்சு மகன். அது இருந்திருந்தா அந்த மனுசனும் இருந்திருப்பார்” என்றார். அந்த மனிதர் 1970களில் குடும்பத்தோடு கப்பலேறிவிட்டார்.

அந்தச் சட்டத்தின் கீழ் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போயின. குடியுரிமை கிடைத்ததோ ஏறத்தாழ 1,34,000 பேருக்கே. மிஞ்சியவர்களின் கணக்கை 1964 ஒக்டோபர் 30இல் சிறிமாவும் சாஸ்திரியும் தீர்த்தார்கள். 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் எடுத்துக்கொள்வது என்று உடன்பாடு. மீதி 1,50,000 பேரை 1974இல் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். சொல்லைப் பிரிப்பது பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். இது மனிதரைப் பிரித்த கணக்கு. ஹட்டன் நிலையத்திலிருந்து தலைமன்னார்த் துறைக்குப் போகிறவர்களை ஏற்றிய ரயிலுக்கு நம் மக்கள் வைத்த பெயர் ‘ஒப்பாரிக் கோச்சி’. ஆங்கிலக் ‘கோச்’சுக்கு ஓர் இகரம் சேர்த்து, அதற்கு முன்னால் ஒப்பாரியையும் வைத்துக்கொண்டார்கள். பையனாக மேடையில் நின்று அந்த அழுகையைக் கேட்டிருக்கிறேன். போகிறவர் யார், இருக்கிறவர் யார் என்று சத்தத்தில் பிரித்தறிய முடியாது.

1990களின் பிற்பகுதியில் ஒருநாள் பத்தாம் வகுப்பில் ‘ரீ’ என்ற முன்னொட்டைக் கற்பித்துக்கொண்டிருந்தேன். ‘ரீ’ என்றால் திரும்பவும் என்று சொல்லி, ‘ரீடேர்ன்’, ‘ரீபிளே’ என்று உதாரணங்கள் எழுதினேன். ஊரறிந்த நீண்ட சொல் ஒன்று வேண்டுமே என்று ‘ரீபேட்ரியேஷன்’ என எழுதி வெட்டினேன்: ரீ, பே, ட்ரி, ஏ, ஷன். ‘பேட்ரியா’ தந்தையர் நாடு; முழுச் சொல்லின் பொருள் தந்தையர் நாட்டுக்குத் திரும்ப அனுப்புதல். லயத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி எழுந்து நின்றாள்.

“சேர், ‘ரீ’ன்னா திரும்பன்னு சொன்னீங்க. எங்க அம்மாயியோட அக்காவ அனுப்பினாங்க. அவுங்க இங்கதான் பொறந்தாங்க. அந்தப் பக்கம் போனதே இல்ல. போகாத எடத்துக்கு எப்புடி சேர் திரும்புறது?”

வகுப்பு முழுவதும் என்னைப் பார்த்தது. நான் பலகைக்குப் போய் ‘ரீ’யின் கீழ் ஒரு கோடு போட்டேன். சொல்லைச் செய்தவர் எங்கே நின்றுகொண்டு செய்தார் என்பதை முன்னொட்டு காட்டிக்கொடுக்கும் என்றேன். உன் அம்மாயியின் அக்காவிடம் கேட்டுச் செய்திருந்தால் இந்த இரண்டெழுத்து இங்கே இருந்திராது. தமிழ்நாட்டு அரசாங்கக் காகிதங்களில் இதே மக்களுக்கு வைத்த பெயர் ‘தாயகம் திரும்பியோர்’. லத்தீனின் தந்தையைத் தமிழ் தாயாக்கியது. ‘திரும்பி’ மட்டும் அப்படியே நின்றுவிட்டது. கோத்தகிரியிலும் கூடலூரிலும் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் குடியேறிய அவர்களை அக்கம்பக்கத்தார் ‘சிலோன்காரங்க’ என்றே அழைத்தார்கள். இங்கே இந்தியாக்காரர், அங்கே சிலோன்காரர். திரும்பியவர்களை ஊரார் அப்படி அழைப்பதில்லை.

அவள் உட்கார்ந்து அந்தச் சொல்லைக் கொப்பியில் எழுதினாள். ‘ரீ’யைத் தனியாக, சற்றுத் தள்ளி எழுதியதைப் பார்த்தேன். இன்று அவள் தோட்டப் பாடசாலை ஒன்றில் ஆங்கில ஆசிரியை.

நீண்ட சொல்தான் கொடியது என்றும் இல்லை. ‘ஸ்டேட்-லெஸ்’ இரண்டே அசை; நாடற்றவர். அந்த ‘லெஸ்’ விகுதி ஒரு மனிதருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டால் கழற்ற எத்தனை காலமாகும் என்பதற்கு மலையகம் சாட்சி. 1988இல் ஒரு சட்டம், 2003இல் 35ஆம் இலக்கச் சட்டம் என்று கடைசித் துண்டு கழன்று விழ ஐம்பத்தைந்து வருடம் பிடித்தது. 2023இல் மலையகத்தின் இருநூறு வருடத்தை நினைத்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தவர்கள், முதல் மூதாதையர் வந்த வழியில் நடந்தார்கள்.

இந்த இடத்தில் ‘லயம்’ என்ற சொல்லை நினைக்கிறேன். ஆங்கிலத்தில் ‘லைன்’, வரிசை அறைகள். முதலில் ‘லயன்’ என்றார்கள். பிறகு ‘மரம்’, ‘குளம்’ போல மகர ஈறு கொடுத்து ‘லயம்’ ஆக்கினார்கள். ஈறு மாறியதும் இலக்கணம் தன் கதவைத் திறந்தது. ‘மரத்தில்’ என்பது போல ‘லயத்தில்’, ‘குளத்துக்கு’ என்பது போல ‘லயத்துக்கு’. தொல்காப்பியர் சொன்ன அத்துச் சாரியை, ஸ்கொட்லாந்துக்காரன் கட்டிய தகர வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. அத்துச் சாரியை பெற்ற சொல்லை எந்தத் தமிழனும் அந்நியச் சொல் என்று தள்ளமாட்டான். அந்தச் சொல்லுக்குத் தமிழ் குடியுரிமை கொடுக்க எந்த வதிவுச் சான்றும் கேட்கவில்லை. அதற்குள் வாழ்ந்தவர்களிடம் கேட்டார்கள்.

காக்கி உறைகள் இன்றும் வருகின்றன. காணி உறுதி, வீட்டுத்திட்டம், வங்கிக் கடன், வெளிநாட்டு வேலை ஒப்பந்தம் என்று விஷயம் மாறியிருக்கிறது. சொற்களின் நீளம் குறையவில்லை. அப்படியொன்று வீட்டுக்கு வந்தால் கையொப்பம் வைக்குமுன் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைக் கூப்பிடுங்கள். உரத்து வாசிக்கச் சொல்லுங்கள். அசை அசையாக, அவசரமில்லாமல். முன்னால் ‘அன்’ இருக்கிறதா, ‘இன்’ இருக்கிறதா, ‘ரீ’ இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.